படித்ததாகக் குறிக்கப்பட்ட கடிதம்

இந்த மேசையில் அடுத்து உட்காரப் போகும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். கம்பியூட்டரை எப்படிப் போடுவது, எப்படி நிறுத்துவது, கொழும்பிலிருந்து வரும் மெயிலை எப்படித் திறப்பது என்பதெல்லாம் சிவப்பு அட்டைக் கொப்பியில் இருக்கிறது. அதைப் பார்த்து ஒரு கிழமையில் பழகிவிடுவீர்கள். அதில் இல்லாத ஒன்றை இங்கே எழுதப் பார்க்கிறேன். மூன்று வருஷம் வேலை செய்தவளுக்கு அப்படி என்ன பெரிய அனுபவம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கே தோன்றித்தான் இரண்டு தடவை எழுதத் தொடங்கி நிறுத்தினேன். ஆனால் மெயிலுக்கான அமைப்புக் கோப்பைத் திறந்தால் முதல் வரியில் ‘இதை எடுக்காதே’ என்று பெரிய எழுத்தில் நான் எழுதி வைத்திருப்பது உங்கள் கண்ணில் படும். ஏன் என்று கேட்க நினைப்பீர்கள். அப்போது நான் இங்கே இருக்க மாட்டேன்.

இந்த இயந்திரம் வந்தபோது ஹட்டனில் வேறெங்கும் இப்படி ஒன்று இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கு இந்த அலுவலகம்தான் தலை. எங்களுக்குத் தலை கொழும்பு. இயந்திரம் காலை ஒன்பதரைக்கும் மாலை நாலு மணிக்கும் தானாகவே தொலைபேசியில் கொழும்பைக் கூப்பிடும். அங்கே இருக்கும் கடிதங்களை வாங்கிக்கொள்ளும், இங்கே இருப்பவற்றைக் கொடுக்கும். அந்த நேரத்தில் யாராவது தொலைபேசியை எடுத்தால் காதில் ஒரு கீச்சுச் சத்தம்தான் கேட்கும். அலுவலகத்துக்கு இருப்பது ஒரே ஒரு லைன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொருத்திக் கொடுக்க வந்த பொறியியலாளர் என் வயதுக்காரர். தமிழ் தெரியாது. பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் சொல்லிக்கொடுத்தார். மெயிலுக்கு ஒரு பழக்கம் உண்டு என்றார். ஒரு கடிதத்தைத் திறந்துவிட்டு ‘க்யூ’ எழுத்தைத் தட்டி வெளியே வந்தால், அது அந்தக் கடிதத்தைப் படித்ததாகக் குறித்து, வாசல் பெட்டியிலிருந்து எடுத்து உள்ளே இன்னொரு பெட்டியில் போட்டுவிடும். கடிதம் அழியாது. ஆனால் அடுத்து வந்து பார்ப்பவருக்கு ‘மெயில் இல்லை’ என்று மட்டும் காட்டும். ஒருவர் மட்டும் பார்க்கிற இடத்தில் இது வசதி. நம் அலுவலகத்தில் எல்லாரும் ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில் பார்க்கிறோம். அதனால் படித்த கடிதமும் வாசலிலேயே இருக்கும்படி அவர் அமைப்புக் கோப்பில் ஒரு வரி போட்டார். ‘ஹோல்ட்’ என்று முடிகிற வரி. போகும்போது ஒன்று சொன்னார்: “இதுக்குள்ள எதை மாத்தினாலும் எனக்குச் சொல்ல வேணாம். பக்கத்துல இருக்கிறவங்களுக்குச் சொல்லுங்க.”

பக்கத்தில் இருந்தவர் மேரி அக்கா. களஞ்சியத்துக்குப் பொறுப்பு. இப்போதும் அவர்தான், நீங்கள் பார்த்திருப்பீர்கள். டிக்கோயாவிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். வாய் கொஞ்சம் நீளம். எனக்குக் குழந்தை பிறந்து திரும்பி வந்த பிறகு அந்த வாய்க்கு நான் நல்ல தீனி.

தோட்டத்தில் கைக்குழந்தைக்காரிகள் பத்து மணிக்குக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளைக்காம்பராவுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் பகலில் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. ஆயா ஒருவர் பார்த்துக்கொள்வார். என் அம்மா மலையிலிருந்து அப்படி இறங்கி வந்துதான் எனக்குப் பால் கொடுத்திருக்கிறார். எங்கள் மேனேஜர் ஐயா அந்த வழக்கத்தை எனக்கும் தந்தார். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு வள்ளியம்மா அக்கா என் மகளைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்தின் பின்பக்கம் வருவார். இருபது நிமிஷம் எனக்கு விடுப்பு.

“பால் மணி அடிச்சாச்சு! கூடைய எறக்கி வச்சிட்டுப் போம்மா!” என்று மேரி அக்கா சத்தமாகச் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். கேலியில் கெட்ட எண்ணம் இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு முகம் சுட்டது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து படித்து வந்தவள் என்பதை ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு எல்லாருக்கும் நினைவுபடுத்துகிற மாதிரி இருந்தது. அதனால் அவரோடு தேவைக்கு மேல் பேசாமல் இருக்கப் பழகினேன். என் தவறு உண்மையில் அங்கேயே தொடங்கிவிட்டதோ என்று சில நேரம் நினைக்கிறேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் மேனேஜர் ஐயா என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். “என்னம்மா இது, பழைய குப்பையெல்லாம் வரிசையா நிக்குது? புதுசு எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிற?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அது போதும். அன்று மத்தியானமே ‘ஹோல்ட்’ வரியை எடுத்துவிட்டேன். மறுநாள் திரை கழுவித் துடைத்த மாதிரி இருந்தது.

மேரி அக்கா பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்னா புள்ள, எல்லாத்தையும் கூட்டிப் பெருக்கிட்டியா? நல்லாத்தான் இருக்கு.”

நான் சிரித்தேன். அவ்வளவுதான். ஒரு கடிதத்தை யார் முதலில் திறக்கிறார்களோ அவரோடு அது போய்விடும் என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிஷ வேலை. வரும் கடிதங்களையெல்லாம் நான்தான் உடனுக்குடன் அச்செடுத்துத் தட்டில் வைக்கிறேன், பிறகு எதற்கு என்று நினைத்தேன். இரண்டு கிழமை எந்தக் கஷ்டமும் வரவில்லை.

அன்று மகளுக்கு முதல் நாளிலிருந்தே காய்ச்சல். வேலைக்கு வருவதா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசித்து, பஸ்ஸையும் விட்டுவிட்டு, கடைசியில் மழையில் நடந்தே வந்தேன். ஒன்பதரைக்கு வந்த மெயிலில் ஒரே ஒரு கடிதம். தலைப்பு ‘மாதாந்த அறிக்கைகளும் பிறவும்’. திறந்தேன். திரை நிறைய அறுவடை அறிக்கையை இனி எந்த வரிசையில் அனுப்ப வேண்டும் என்ற விளக்கம். கீழே, மேலும் இருக்கிறது என்பதற்கான குறி. அடுத்த பக்கத்துக்கு இடைவெளிக் கட்டையை ஒரு தடவை தட்ட வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே வள்ளியம்மா அக்கா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பத்து மணி ஆகவில்லை. “சீக்கிரம் வா தங்கச்சி, உடம்பு கொதிக்குது. கண்ணத் தொறக்க மாட்டேங்குது” என்றார்.

இயந்திரத்தைத் திறந்தபடி விட்டுப் போகக்கூடாது என்பது விதி. விதியைச் சரியாகப் பின்பற்றினேன். ‘க்யூ’வைத் தட்டினேன். மீதியை வந்து படிக்கலாம் என்று ஓடினேன்.

இருபது நிமிஷம் முக்கால் மணித்தியாலம் ஆனது. மகள் பால் குடிக்கவில்லை. நெற்றியில் ஈரத்துணி போட்டு, மாத்திரையைக் கரைத்து ஊட்டி, அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பிறகுதான் எழுந்து வர முடிந்தது. நான் இல்லாத நேரத்தில் மேரி அக்கா மெயிலைப் பார்த்திருக்கிறார். ‘மெயில் இல்லை’ என்று வந்திருக்கிறது. நான் வந்து பார்த்தபோதும் அதுதான் வந்தது. நான் எடுத்துவிட்ட வரி எனக்கே நினைவில் இல்லை. மேரி அக்கா படித்துவிட்டு அச்செடுத்திருப்பார் என்று நினைத்தேன். தட்டில் தாள் எதுவும் இல்லை. கேட்க வாயெடுத்தேன்.

“என்னா, இன்னைக்கு ரெண்டு பேருக்கும் சேத்துப் பால் குடுத்தியா? இம்புட்டு நேரம்?” என்றார் அவர்.

நான் கேட்கவில்லை. அறுவடை அறிக்கைதானே, மாதக் கடைசிக்குத்தான் வேண்டும், நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஒன்றரை மணிக்கு லொறி வந்தது. பின்பக்கக் களஞ்சியத்தில் பிள்ளைக்காம்பராக்களில் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் பால் மா மூட்டைகள் வந்து கிடந்தன. போக வேண்டியது டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு, பொகவந்தலாவையில் இரண்டுக்கு. மூட்டைகளை ஏற்றும்போது மேரி அக்கா குடை பிடித்துக்கொண்டு நின்று, “நனைக்காதீங்கப்பா, பச்சப்புள்ளைங்க குடிக்கிறது” என்று கத்தியது என் காதில் விழுந்தது. மூட்டைகளை வெளியே அனுப்பும் துண்டுச்சீட்டில் அவர் கையெழுத்துப் போட்டார். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாலு மணிக்கு இயந்திரம் கொழும்போடு பேசி முடித்தது. ஒரு கடிதம், மூன்று வரி. பால் மா மூட்டைகளை நிறுத்தி வைக்கும்படி காலையில் அனுப்பிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. ஒரு மூட்டையும் வெளியே போகவில்லை என்பதை உடனே உறுதிப்படுத்தவும். எந்தக் காரணம் கொண்டும் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

நான் சத்தமாக வாசித்தேன். மேரி அக்கா எழுந்து நின்றுவிட்டார். மேனேஜர் ஐயா அறையிலிருந்து வந்தார்.

“காலையில எப்ப வந்துச்சு இது?”

“காலையில ஒண்ணுமே வரல்லையே ஐயா. நான் பத்தரைக்குப் பாத்தேன். மெயில் இல்லைன்னுதான் இருந்துச்சு” என்றார் மேரி அக்கா.

ஐயா என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான்: காலையில் ஒரு கடிதம் வந்தது, நான் பாதி படித்தேன், மூட்டை லொறியில் போய்விட்டது, தொலைபேசியை எடுங்கள். நான் சொன்னது வேறு.

“தேடிப் பாக்குறேன் ஐயா” என்றேன்.

இந்தப் பகுதிக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அவசரத்தில் நம்முடைய கை தெரிந்த வேலைக்குத்தான் போகும். எனக்குத் தெரிந்த வேலை காணாமல் போன கடிதத்தைக் கண்டுபிடிப்பது. இயந்திரத்தின் மூலம் மறுபடியும் கொழும்பைக் கூப்பிட்டேன். காலைக் கடிதத்தைத் திரும்ப அனுப்பும்படி எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அங்கே யாராவது பார்த்து, எடுத்து அனுப்ப வேண்டும். லைன் திறந்தே இருந்தது.

மேரி அக்கா தொலைபேசியை எடுத்தார். காதிலிருந்து சட்டென்று விலக்கினார்.

“இதுல உன் மெஷின் கத்துது புள்ள! வெட்டு!”

“ரெண்டு நிமிஷம் அக்கா. காலைக் கடிதத்தக் கேட்டிருக்கேன்.”

“அது எதுக்கு இப்ப? புள்ளைங்களுக்குக் குடுக்க வேணாம்னு சொல்லியிருக்கான்ல, அது போதாதா? மூட்டை எங்க போயிருக்குன்னு எனக்குத் தெரியும். நான் கூப்புடுறேன், நீ வெட்டு!”

“என்னா எழுதியிருந்துச்சுன்னு தெரியணுமே அக்கா.”

மேனேஜர் ஐயா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். “கொஞ்சம் இருங்க மேரி. அந்தப் புள்ளைக்குத் தெரியும். அவசரப்பட்டு மெஷினைக் கெடுத்துறாதீங்க.”

அவர் என்னை நம்பினார். திரையில் ஓடுவது அவருக்குப் புரியாது. அதனால் நான் செய்வது தேவையான வேலை என்று நினைத்தார். உங்களையும் அப்படி நம்புவார்கள். நீங்கள் விசைகளைத் தட்டிக்கொண்டிருக்கும்வரை பக்கத்தில் இருப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். அந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

கொழும்பிலிருந்து பதில் வரவில்லை. காத்திருந்தபோதுதான் எடுத்துவிட்ட வரி எனக்கு நினைவுக்கு வந்தது. உள்பெட்டியைத் திறந்தேன். கடிதம் அங்கே இருந்தது, படித்ததாகக் குறிக்கப்பட்டு. அறுவடை அறிக்கைப் பக்கம். இடைவெளிக் கட்டையைத் தட்டினேன். இரண்டாம் பக்கம் வந்தது. பால் மா கொழும்பிலிருந்து வந்த லொறியில் களைக்கொல்லி டின்களும் ஏற்றப்பட்டிருந்தன. ஒரு டின் ஒழுகியிருந்தது பிறகுதான் தெரிந்தது. எந்த மூட்டையில் பட்டிருக்கிறது என்று தெரியாததால் எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கவும்.

படித்து முடித்ததும் நான் எழுந்திருக்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. காலையில் எத்தனை மணிக்கெல்லாம் மெயில் திறக்கப்பட்டது என்று இயந்திரம் வைத்திருக்கும் பதிவைத் திறந்தேன். மேரி அக்கா எனக்கு முன்னால் பார்த்திருக்கக் கூடாதா என்று தேடினேன். எனக்கு முன்னால் ஒரு வரி, ஒரே ஒரு வரி இருந்தால் போதும் என்று நினைத்தேன். இல்லை. ஒருவேளை நேரம் தப்பாகப் பதிவாகியிருக்குமோ என்று சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கடிகாரத்தில் நாலு இருபத்தொன்று. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மேரி அக்கா குனிந்து சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினார்.

“மெஷின் செத்தா சாகட்டும்” என்றார். ஐயாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

டிக்கோயாத் தோட்டத்தில் உடனே எடுத்தார்கள். மூட்டையைத் தைத்த நூல் கூடப் பிரிக்கவில்லை. பொகவந்தலாவையில் முதல் தோட்டத்தில் மூட்டையைத் திறந்திருந்தார்கள், இன்னும் கரைக்கவில்லை. “கொட்டிறாதீங்க, பூட்டி வைங்க, யாரும் தொட வேணாம்” என்று மேரி அக்கா மூன்று தடவை சொன்னார். கடைசித் தோட்டம் மேலே, மலை முடிகிற இடத்தில். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. இணைப்புக் கொடுக்கும் எக்ஸ்சேஞ்ச்காரர் இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். “யாரும் இல்ல போல அக்கா” என்றார்.

ஐயாவும் மேரி அக்காவும் ஜீப்பில் போனார்கள். ஏறும்போது மேரி அக்கா திரும்பி, “நீ வீட்டுக்குப் போ. புள்ளைக்குக் காய்ச்சல்னு வள்ளியம்மா சொல்லிச்சு” என்றார். காய்ச்சல் விஷயம் அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. நான் போகவில்லை. தொலைபேசியின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மேல் தோட்டத்துக்குத் திரும்பத் திரும்ப இணைப்புக் கேட்டேன். வெளியே பனி இறங்கி ஜன்னல் வெள்ளையாகிவிட்டது. இந்தப் பனியில் ஜீப் எந்த வளைவில் நிற்கிறதோ என்று நினைத்தேன். நான் இங்கே இருப்பதால் யாருக்கு என்ன பிரயோசனம் என்றும் நினைத்தேன். வீட்டிலும் இல்லை, ஜீப்பிலும் இல்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கொழுந்து நிறுத்து முடிந்து, தாய்மார் பிள்ளைகளை வாங்கிக்கொண்டு லயங்களுக்குப் போயிருந்தார்கள். பழைய மா முதல் நாளே தீர்ந்துவிட்டதாம். புது மூட்டை வந்த சந்தோஷத்தில் ஆயா கொஞ்சம் கெட்டியாகவே கரைத்து நாலரை மணிக்குக் கொடுத்திருந்தார். லயம் லயமாகப் போய்க் கேட்டு, வாந்தி எடுத்த பிள்ளைகளை ஜீப்பிலும் தோட்டத்து லொறியிலும் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஏழு பிள்ளைகள்.

மறுநாள் நானும் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. கையில் ஒரு பிஸ்கட் பக்கெட் இருந்தது, அதை யாரிடம் கொடுப்பது என்றும் தெரியவில்லை. வார்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். என்னைவிடச் சின்னவள். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள். என் சேலையைப் பார்த்து ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்தாளோ என்னவோ.

“மிஸ், பால்தானே மிஸ் குடுத்தாங்க?” என்றாள். “ஆயாம்மா பால்தான் குடுத்தேன்னு சத்தியம் பண்ணுறாங்க. பால் குடிச்சா புள்ளைக்கு ஏன் மிஸ் இப்புடி ஆகுது?”

பத்து மணி ஆகியிருக்கும். உடம்புக்கு நேரம் தெரியும். என் இரவிக்கை நனைந்துகொண்டிருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, “டொக்டரைக் கேளுங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆறு பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். ஏழாவது அந்தப் பெண்ணின் மகள். என் மகளைவிட இரண்டு மாதம் மூத்தவள்.

பிறகு ஒரு நாள் மேல் தோட்டத்துக் கிளாக்கர் ஏதோ வேலையாக அலுவலகத்துக்கு வந்தார். கேட்காமலே சொன்னார்: “நாலு இருபதுக்குத்தான் தங்கச்சி ஆபிஸப் பூட்டிட்டு நிறுவைக்குப் போனேன். பிள்ளைக்காம்பரா கூப்புடு தூரம். கொஞ்சம் முந்தி அடிச்சிருந்தா நானே ஓடியிருப்பேன்.” அவர் குற்றம் சொல்லவில்லை. தன்னைத்தான் நொந்துகொண்டார். நான் அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

விசாரணை நடந்தது. தாமதத்துக்குக் காரணம் தொலைபேசி இணைப்பில் ஏற்பட்ட தடை என்று அறிக்கை எழுதினார்கள். அதைத் தட்டச்சு செய்தது நான். அனுப்பியதும் நான், இதே மெயிலில். அதில் பொய் என்று ஒரு சொல்லும் இல்லை. இணைப்பில் தடை இருந்தது. அந்தத் தடை நான்தான் என்பது மட்டும் அதில் இல்லை.

அன்று சாயங்காலம் மேரி அக்கா என்னோடு பஸ் நிலையம்வரை நடந்து வந்தார். “அந்த மெயில நீதான் காலையில பாத்த, என்னா?” என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல்ல. சொல்லவும் மாட்டேன். ஆனா அந்தத் துண்டுல கையெழுத்து என்னுது புள்ள. ராவுல எனக்கு அந்தக் கையெழுத்துதான் தெரியுது. நீ சொன்னா அது கொஞ்சம் கொறையும். சொல்லாட்டியும் நான் கேக்க மாட்டேன்.”

அதன் பிறகு அவர் பால் மணி என்று கேலி செய்யவே இல்லை. பத்து மணி ஆனால் அவராகவே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, “என்னென்னா தொறந்து வச்சிருக்க, சொல்லிட்டுப் போ” என்பார். நான் சொல்லிவிட்டுப் போவேன். இப்போது உங்களுக்கு விதியாகச் சொல்லப்படும் பழக்கம் அப்படி வந்ததுதான். எழுந்து போகிறவர் தான் திறந்ததைச் சொல்லாமல் எழுந்திருக்கக் கூடாது. எதை முடித்தோம் என்பதைவிட எதைப் பாதியில் விட்டோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

‘ஹோல்ட்’ வரியை மறுநாளே திரும்பப் போட்டேன். திரையில் பழைய கடிதங்கள் வரிசையாக நிற்கும். யாராவது குப்பை என்பார்கள். நிற்கட்டும். அமைப்புக் கோப்பில் வேறு எதை மாற்றினாலும் மேரி அக்காவிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். அவர் கேலி செய்தாலும் சொல்லுங்கள். கடிதம் காணவில்லை என்றால் முதலில் உள்பெட்டியைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஆனால் அதற்கும் முன்னால் உங்களை ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கடிதம் கிடைத்தால்தான் அடுத்த வேலையைச் செய்ய முடியுமா? முடியும் என்றால் லைனை வெட்டிவிட்டுத் தொலைபேசியை விடுங்கள். யார் தவறு என்று பார்க்கும் பதிவுகள் எங்கும் ஓடிப்போகாது. அன்றைக்கு நான் அவற்றைப் பார்க்காமல் இருந்திருந்தால் எத்தனை நிமிஷம் மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் பார்ப்பதை நான் இன்னும் நிறுத்தவில்லை. மேல் தோட்டத்துக் கிளாக்கர் பூட்டிய நேரமும் என் கடிகாரமும் சரியாக ஒத்துப்போகுமா என்றுகூட யோசிக்கிறேன். போகாமல் இருந்தால் என்ன மாறும் என்று தெரியவில்லை.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேலையை விடுகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் நேற்று மகள் முதன்முதலாகக் கோப்பையில் பால் குடித்தாள். இரண்டு கையாலும் பிடித்து, கோப்பைக்குள் முகத்தை விட்டுக் குடித்தாள். நான் அதைப் பிடுங்கி, முகர்ந்து பார்த்து, என் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன். அவள் அழுதாள். இதை எவ்வளவு நாள் செய்வேன் என்று எனக்குத் தெரியாது.

இன்று காலை, இங்கே தமிழில் எழுதியதைச் சுருக்கி ஆங்கிலத்தில் கொழும்புக்கு எழுதினேன். அமைப்புக் கோப்பில் எடுத்த வரி, பாதி படித்த கடிதம், நான் பிடித்து வைத்திருந்த லைன், மேரி அக்கா பிடுங்கிய வயர். எல்லாம் அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவருக்கு எதுவும் தெரியாது என்பதைத் தனிப் பத்தியாக எழுதினேன். மேரி அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். நாலு மணி இணைப்பில் அது போகும்.

பதில் நாளைக்கு வரலாம், ஒரு மாதம் கழித்தும் வரலாம். அப்போது இந்த நாற்காலியில் உங்களில் ஒருவர் இருப்பீர்கள். முதல் பக்கத்தில் வேறு ஏதாவது விஷயம் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். அடுத்த பக்கத்தையும் திறந்து, முழுவதையும் மேரி அக்காவுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.